பாலோ ஆல்டோவா, கூப்பர்டினோவா? பள்ளி மதிப்பெண்ணைத் தாண்டிப் பார்க்க வேண்டியவை

கலிஃபோர்னியாவின் பே ஏரியாவில் (சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி) வேலை நிலைத்து, மூத்த குழந்தைக்குக் கிண்டர்கார்ட்டன் வயது நெருங்கும்போது பல தமிழ் வீடுகளில் இந்தப் பேச்சு தொடங்கிவிடும். பாலோ ஆல்டோவில் வீடு பார்ப்பதா, கூப்பர்டினோவிலா? இரண்டும் சான்டா கிளாரா கவுன்டியில்தான் இருக்கின்றன. நெரிசல் இல்லாத நேரத்தில் 280 நெடுஞ்சாலையில் ஏறினால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இருபது நிமிடம். இரண்டிலும் தனி வீடு என்றால் விலை 30 லட்சம் டாலரை ஒட்டியோ தாண்டியோ நிற்கும். இரண்டிலும் பள்ளிகள் மாநிலத்தின் முன்வரிசையில் இருப்பவை.

இவ்வளவு ஒத்துப்போகும் இரண்டு ஊர்களுக்கு இடையே முடிவெடுக்க, பெரும்பாலானவர்கள் பள்ளி ரேட்டிங்கைத்தான் நாடுகிறார்கள். அங்கே 10-க்கு 9, இங்கே 10-க்கு 10 என்று ஒப்பிடுகிறார்கள். இந்த இரண்டு ஊர்களைப் பொறுத்தவரை அந்த எண் எதையும் முடிவு செய்யாது என்பது என் கருத்து. குழந்தையின் வாழ்க்கையில் உண்மையாக வேறுபடப்போவது பள்ளி விட்ட பிறகு வரும் மாலை நேரம், உயர்நிலைப் பள்ளியில் அது தன்னை யாரோடு ஒப்பிட்டுக்கொள்ளும் என்பது, வீட்டுக் கடன் போக அப்பா அம்மாவிடம் மிஞ்சும் நிம்மதி ஆகியவைதான்.

முதலில் அந்த ரேட்டிங்கையே பார்ப்போம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கல்விச் சமூகவியலாளர் ஷான் ரியர்டன் அமெரிக்கா முழுவதும் உள்ள பள்ளி மாவட்டங்களின் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புகள்) தேர்வு முடிவுகளைத் திரட்டி ஆராய்ந்தவர். ஒரு மாவட்டத்தின் சராசரி மதிப்பெண், அங்குள்ள பெற்றோரின் வருமானத்தோடும் படிப்போடும் மிக நெருக்கமாகப் போகிறது என்று அவர் காட்டினார். மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குள் மாணவர்கள் எவ்வளவு வளர்கிறார்கள் என்பது வேறு கணக்கு, அது ஊரின் பணவசதியோடு அவ்வளவாகப் பொருந்துவதில்லை. அதாவது, நாம் ரேட்டிங்கில் பார்ப்பது பெரும்பகுதி அந்த ஊரில் குடியிருப்பவர்கள் யார் என்பதைத்தான். பொறியாளர்களும் மருத்துவர்களும் பேராசிரியர்களும் நிறைந்த ஊரில் குழந்தைகள் தேர்வில் நன்றாகச் செய்வதில் வியப்பு இல்லை. உங்கள் குழந்தைக்கு உங்கள் வீட்டிலிருந்து கிடைப்பதும் அதே வகைதான், எந்த ஊரில் இருந்தாலும்.

அந்த மதிப்பெண்ணுக்கு நாம் ஏற்கெனவே விலையும் கொடுத்துவிடுகிறோம். பொருளியலாளர் சான்ட்ரா பிளாக் 1999-ல் வெளியிட்ட ஆய்வில், மாசசூசெட்ஸ் புறநகர்களில் பள்ளி எல்லைக்கோட்டின் இரு பக்கமும் இருக்கும் வீடுகளை ஒப்பிட்டார். அக்கம்பக்கம் ஒன்று, பள்ளி மட்டும் வேறு. தேர்வு மதிப்பெண் 5 விழுக்காடு கூடினால் வீட்டு விலை ஏறத்தாழ 2.5 விழுக்காடு கூடியது. 30 லட்சம் டாலர் வீட்டுக்கு இதே கணக்கைப் போட்டால் 75,000 டாலர் வருகிறது.

சரி, மதிப்பெண்ணை விட்டுவிட்டால் பள்ளிகளில் வேறு என்ன வித்தியாசம்? ஒரு பெரிய வித்தியாசம் உண்டு, வீடு பார்க்கும்போது இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. பாலோ ஆல்டோவில் கிண்டர்கார்ட்டன் முதல் 12-ம் வகுப்புவரை ஒரே பள்ளி மாவட்டம், ஒரே நிர்வாகக் குழு. கூப்பர்டினோவில் இரண்டு. எட்டாம் வகுப்புவரை கூப்பர்டினோ யூனியன் மாவட்டம், அதன் பிறகு ஃப்ரீமான்ட் யூனியன் உயர்நிலைப் பள்ளி மாவட்டம். இரண்டுக்கும் பணம் வரும் வழி பல ஆண்டுகளாக வெவ்வேறாக இருந்தது.

இதன் வேர் 1970களில் இருக்கிறது. உள்ளூர்ச் சொத்து வரியை நம்பிப் பள்ளி நடத்தினால் பணக்கார ஊருக்கு நல்ல பள்ளியும் ஏழை ஊருக்கு மோசமான பள்ளியும்தான் கிடைக்கும், அது சமத்துவத்துக்கு எதிரானது என்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1971-ல் செரானோ வழக்கில் சொன்னது. அதன் பிறகு ஒவ்வொரு மாவட்டத்துக்கும் எவ்வளவு பணம் என்பதை மாநிலமே வரையறுக்கத் தொடங்கியது. ஆனால் உள்ளூர்ச் சொத்து வரியே அந்த வரம்பைத் தாண்டிவிடும் மாவட்டங்கள் மிகுதியைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம். பாலோ ஆல்டோ மாவட்டம் அந்த வகை. கூப்பர்டினோ பிள்ளைகள் போகும் உயர்நிலைப் பள்ளி மாவட்டமும் அந்த வகைதான். ஆனால் அவர்களின் தொடக்க, நடுநிலைப் பள்ளிகள் நெடுங்காலம் மாநிலச் சூத்திரத்தின்படி வரும் பணத்தில் நடந்தவை. 2013-ல் வந்த சூத்திரம் ஏழைக் குழந்தைகள், ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் குழந்தைகள் அதிகம் உள்ள மாவட்டங்களுக்குக் கூடுதல் பணம் தருகிறது. அது நியாயமான ஏற்பாடு. அதன் விளைவாக, வெளியிலிருந்து பார்த்தால் செல்வம் கொழிக்கும் கூப்பர்டினோவின் தொடக்கப் பள்ளிகள், ஒரு மாணவருக்கான வரவில் மாநிலத்தின் கீழ்த்தட்டில் நின்றன.

பற்றாக்குறை ஏற்பட்டால் பார்சல் வரி, அதாவது ஒவ்வொரு மனைக்கும் இவ்வளவு என்ற தனி வரி, போடலாம், அதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். பிள்ளைகள் வளர்ந்து போய்விட்ட வீடுகள் நிறைந்த ஊரில் அது எளிதல்ல. மாணவர் எண்ணிக்கையும் சரிந்தது, ஏனென்றால் சிறு குழந்தைகள் உள்ள இளம் குடும்பங்களால் அங்கே வீடு வாங்க முடியவில்லை. ரெக்னார்ட், மேயர்ஹோல்ஸ் என்ற இரண்டு தொடக்கப் பள்ளிகள் 2022-ல் மூடப்பட்டன. இன்ன தொடக்கப் பள்ளிக்காகவே இந்தத் தெரு என்று கடன் வாங்கி வந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பாலோ ஆல்டோவிலும் மாணவர் எண்ணிக்கை குறைந்துதான் வருகிறது, ஆனால் பணம் தலைக்கணக்கைப் பொறுத்து வராததால் அங்கே அடி அவ்வளவு பலமாக விழவில்லை.

அடுத்தது உயர்நிலைப் பள்ளி. இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும்.

கூப்பர்டினோ பக்கம் மான்டா விஸ்டா, லின்புரூக். பாலோ ஆல்டோ பக்கம் கன், பாலோ ஆல்டோ ஹை. நான்குமே போட்டிக்குப் பெயர் போனவை. நல்ல பள்ளியில் படித்தால் நல்ல கல்லூரி என்பது நம் மனதில் ஊறிப்போன கணக்கு. கலிஃபோர்னியாவில் அது அப்படியே வேலை செய்வதில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 2021-ல் எஸ்ஏடி தேர்வைச் சேர்க்கையில் கணக்கில் எடுப்பதையே நிறுத்திவிட்டது. ஒவ்வொரு பள்ளியிலும் முதல் 9 விழுக்காட்டுக்குள் வரும் மாணவருக்கு, இடம் இருக்கும் ஏதாவது ஒரு வளாகத்தில் சேர்க்கை என்று ஒரு உறுதிமொழி உண்டு. அந்த 9 விழுக்காடு, அதே பள்ளியின் முந்தைய மாணவர்களின் மதிப்பெண்ணோடு ஒப்பிட்டு முடிவாகிறது. மான்டா விஸ்டாவிலோ கன்னிலோ அந்தக் கோட்டைத் தொடுவது எவ்வளவு கடினம் என்று விளக்க வேண்டியதில்லை. இன்னொரு சாதாரணமான நல்ல பள்ளியில் முன்வரிசையில் இருந்திருக்கக்கூடிய பிள்ளை இங்கே நடுவில் நிற்கும்.

நடுவில் நிற்பதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் பதினாறு வயதில் அது அப்படித் தெரியாது. ஆஸ்திரேலிய உளவியலாளர் ஹெர்பர்ட் மார்ஷ் 1980களிலிருந்து ஆராய்ந்து காட்டியது இதுதான்: ஒரே திறமையுள்ள இரண்டு பிள்ளைகளில், மிகத் திறமையானவர்கள் நிறைந்த பள்ளியில் படிக்கும் பிள்ளை தன் படிப்புத் திறனைக் குறைவாகவே மதிப்பிடுகிறது. இந்த முடிவு பல நாடுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. டெல்லியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய உளவியலாளர் சுனியா லூதர், வசதியான ஊர்களின் பிள்ளைகளிடம் மனச்சோர்வும் பதற்றமும் போதைப் பழக்கமும் தேசியச் சராசரியைவிடக் கூடுதலாக இருப்பதை 1990களின் இறுதியிலிருந்தே பதிவு செய்தவர். அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் 2019-ல் வெளியிட்ட அறிக்கை, உயர்சாதனைப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளையும் ஆபத்துக்கு ஆளாகக்கூடியவர்களாகக் குறிப்பிட்டது.

பாலோ ஆல்டோவைப் பற்றிப் பேசும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. 2009-10-லும் 2014-15-லும் அந்த ஊரில் இளையோர் தற்கொலைகள் அடுத்தடுத்து நடந்தன. நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2016-ல் ஒரு குழுவை அனுப்பி ஆராயும் அளவுக்கு அது கவலை தந்தது. பள்ளி அழுத்தம் மட்டுமே காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. மனநோய், குடும்பம், அந்த நேரத்து நெருக்கடி என்று பலவும் அதில் சேர்ந்திருக்கும். அந்த ஊர் அதை மூடி மறைக்கவில்லை. விடியற்காலையில் நடந்த கூடுதல் பாட வகுப்பைக் கன் பள்ளியில் 2015-ல் நிறுத்தினார்கள், மனநல ஆலோசனைக்கான ஏற்பாடுகளைப் பெருக்கினார்கள். உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்கக் கூடாது என்ற மாநிலச் சட்டம் 2022-ல்தான் நடைமுறைக்கு வந்தது.

இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் கூப்பர்டினோ பாதுகாப்பு என்று நினைத்தால் அதுவும் சரியல்ல. 2005-லேயே வால் ஸ்ட்ரீட் ஜர்னல், மான்டா விஸ்டாவும் லின்புரூக்கும் படிப்பிலேயே மூழ்கிவிட்டன என்று சொல்லி வெள்ளையர் குடும்பங்கள் விலகிப் போவதைப் பற்றி எழுதியது. அப்படி எழுதப்பட்டதில் ஆசியப் பெற்றோரைப் பற்றிய ஒரு பொதுமைப்படுத்தல் இருந்தது, அது பலரைப் புண்படுத்தவும் செய்தது. ஆனால் அழுத்தம் இருப்பதை அங்கே படித்தவர்கள் யாரும் மறுப்பதில்லை. அதனால் இந்த விஷயத்தில் இரண்டு ஊர்களும் ஒரே தட்டில்தான் இருக்கின்றன. ஊரை மாற்றி இதைத் தீர்க்க முடியாது. எத்தனை ஏபி பாடம் (உயர்நிலைப் பள்ளியிலேயே எடுக்கும் கல்லூரித் தரப் பாடம்), எத்தனை டியூஷன் என்று வீட்டுக்குள் நாம் எடுக்கும் முடிவுதான் இதில் பெரிது. சேர்க்கைக்கான சராசரியைக் கணக்கிடும்போது கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் இத்தகைய பாடங்களுக்காக எட்டு செமஸ்டர்களுக்கு மேல் கூடுதல் புள்ளி கொடுப்பதில்லை என்பதையாவது பெற்றோர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பத்து, பன்னிரண்டு ஏபி எடுக்கும் பிள்ளைக்கு அந்தக் கணக்கில் கூடுதலாக எதுவும் ஏறுவதில்லை.

உண்மையான வேறுபாடு தெருவில் தெரிகிறது. பாலோ ஆல்டோ 1894-ல் நகரமானது, கார் வருவதற்கு முன்பே ரயில் நிலையத்தைச் சுற்றி வளர்ந்த ஊர். சிறு சிறு தெருக்கள், நிழல் மரங்கள், நடந்து போகும் தூரத்தில் கடைகள். அங்குள்ள பிரையன்ட் தெரு 1982-ல் சைக்கிளுக்கு முன்னுரிமை தரும் தெருவாக மாறியது, அமெரிக்காவிலேயே அந்த வகையில் அதுதான் முதலாவது. பள்ளிக்குச் சைக்கிளில் போவது அங்கே விசேஷமே இல்லை. பத்து வயதுப் பிள்ளை தானாகவே நூலகத்துக்குப் போய்வரலாம். நூலகங்களும் ஐந்து. அதில் ஒன்று சிறுவர்களுக்காகவே 1940-ல் திறந்தது. 1930களில் தொடங்கிய சிறுவர் நாடக அரங்கும் சிறுவர் அருங்காட்சியகமும் அதன் பக்கத்திலேயே இருக்கின்றன. பதினைந்து வயதுப் பிள்ளை கால்டிரெயின் ஏறி சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போய்த் திரும்பலாம். 2024 முதல் அது மின்சார ரயில்.

கூப்பர்டினோ 1955-ல் நகரமானது. பழத்தோட்டங்களாக இருந்த நிலம் கார் காலத்தில் வீடுகளாக மாறியது. ஸ்டீவன்ஸ் க்ரீக், டி ஆன்சா என்று அகலச் சாலைகள் ஊரை வெட்டிக்கொண்டு போகின்றன. ரயில் இல்லை. 2014-ல் மெக்லெல்லன் சாலையில் சைக்கிளில் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு மாணவர் லாரி மோதி இறந்தார். அந்தத் துயரத்துக்குப் பிறகு அங்கே தடுப்பு வைத்த சைக்கிள் பாதைகள் வந்தன, நிலைமை முன்பைவிட நல்லபடி. இருந்தாலும், பள்ளி, கராத்தே, கர்நாடக சங்கீத வகுப்பு, கணித மையம் என்று ஒவ்வொன்றுக்கும் அப்பாவோ அம்மாவோ காரை எடுக்க வேண்டியிருக்கும். ஆனால் மலையடிவாரம் பக்கத்தில். ரான்சோ சான் அன்டோனியோவில் மானும் காட்டு வான்கோழியும் பார்த்துக்கொண்டே குழந்தையோடு நடக்கலாம். அப்புறம், டி ஆன்சா கல்லூரி ஊருக்குள்ளேயே இருக்கிறது. உயர்நிலைப் பள்ளியில் இருக்கும்போதே அங்கே பாடம் எடுத்துக் கல்லூரிக் கிரெடிட் சேர்த்துக்கொள்ளும் பிள்ளைகள் நிறைய.

கூப்பர்டினோ தரும் இன்னொன்று, ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு மிக முக்கியமானது. 2020 கணக்கெடுப்பில் அந்த ஊரின் மக்கள் தொகை 60,000-ஐச் சற்றுத் தாண்டியது, மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஆசியர்கள். மதிய உணவுக்கு எலுமிச்சம் சாதம் கொண்டுபோகும் குழந்தையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பெயரை இரண்டு முறை உச்சரித்துக் காட்ட வேண்டியதில்லை. சனி ஞாயிறில் தமிழ்ப் பள்ளி, பரதநாட்டிய வகுப்பு, சன்னிவேல் கோயில் எல்லாமே பக்கம். ஊரிலிருந்து ஆறு மாதம் வந்து தங்கும் தாத்தா பாட்டிக்கு இது இன்னும் பெரிய விஷயம். கார் ஓட்டத் தெரியாமல், பேச்சுத்துணை இல்லாமல், டிவி முன்னால் நாளைக் கழிக்கும் பெரியவர்களைப் பே ஏரியா முழுக்கப் பார்க்கலாம். கூப்பர்டினோ மெமோரியல் பார்க்கில் மாலையில் நம்மூர்ப் பெரியவர்கள் நாலு பேர் இருப்பார்கள். பாட்டி சந்தோஷமாக இருந்தால் பேரப்பிள்ளைக்குத் தமிழ் வரும். இதை எந்த ரேட்டிங்கும் அளப்பதில்லை.

பாலோ ஆல்டோவில் ஆசியர்கள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். வகுப்பில் பேராசிரியர் வீட்டுப் பிள்ளை, முதலீட்டாளர் வீட்டுப் பிள்ளை, ஸ்டான்ஃபோர்டுக்கு இரண்டு வருடம் வந்துபோகும் ஆராய்ச்சியாளரின் பிள்ளை எல்லாம் இருப்பார்கள். 101 நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிழக்குப் பாலோ ஆல்டோ ஒரு தனி நகரம், வசதி குறைந்த குடும்பங்கள் அதிகம் வாழும் இடம். அங்குள்ள குழந்தைகளில் ஒரு பகுதியினர் பள்ளிகளில் இனப் பிரிவினையை எதிர்த்துத் தொடுத்த டின்ஸ்லி வழக்கின் 1986 உடன்பாட்டின்படி பாலோ ஆல்டோ பள்ளிகளுக்கு வருகிறார்கள். அதே பாலோ ஆல்டோதான் தன் ஃபுட்ஹில்ஸ் பூங்காவை ஊர்க்காரர்களுக்கு மட்டும் என்று பல பத்தாண்டுகள் பூட்டி வைத்திருந்தது, வழக்கு வந்த பிறகு 2020 டிசம்பரில் எல்லோருக்கும் திறந்தது. பிள்ளையை அங்கே வளர்ப்பவர்கள் இந்தக் கதையை அவர்களுக்குச் சொல்லித்தான் வளர்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இனி பணம். 30 லட்சம் டாலர் வீட்டுக்கு 6 லட்சம் முன்பணம் போட்டு, மீதியை 6.5 விழுக்காடு வட்டியில் 30 வருடக் கடனாக வாங்கினால் மாதத் தவணை 15,000 டாலரைத் தாண்டும். சொத்து வரி ஏறத்தாழ 1.2 விழுக்காடு என்று வைத்தால் மாதம் இன்னொரு 3,000. பக்கத்து வீட்டுக்காரர் 1980-ல் 2 லட்சத்துக்கு வாங்கியிருந்தால் அவருடைய ஆண்டு வரி 6,000 டாலர்கூட வராது, உங்களுடையது 36,000. காரணம் 1978-ல் நிறைவேறிய 13-ம் முன்மொழிவு. வீட்டின் வரி மதிப்பு ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் ஏறக் கூடாது, விற்கும்போதுதான் சந்தை விலைக்கு வரும். அதனால் பழையவர்கள் விற்பதில்லை, சந்தைக்கு வரும் வீடு குறைவு, விலை இறங்குவதில்லை.

இந்தத் தொகையைக் கட்ட இரண்டு பேரும் நல்ல சம்பளத்தில் வேலையில் இருந்தே ஆக வேண்டும். எச்-1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் புது வேலை தேட அதிகபட்சம் 60 நாள். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு வேலைவழி கிரீன் கார்டு வரிசை பல பத்தாண்டு நீளம். பிள்ளைக்கு 21 வயதானால் பெற்றோரின் விசாவோடு ஒட்டியிருக்கும் உரிமையும் போய்விடும். இந்த நிலையில் 24 லட்சம் டாலர் கடனைத் தோளில் ஏற்றிக்கொண்டால், லே ஆஃப் செய்தி வரும் ஒவ்வொரு வாரமும் வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதைக் குழந்தைகள் உணராமல் இருப்பார்கள் என்று நம்ப வேண்டாம். கிரீன் கார்டு கைக்கு வராதவர்கள் இரண்டு ஊரிலும் வாடகைக்கே போகலாம் என்று நான் தயங்காமல் சொல்வேன். வாடகை ஒப்பந்தமும் முகவரிச் சான்றும் இருந்தால் போதும், வீடு சொந்தமா என்று பள்ளி மாவட்டம் கேட்பதில்லை.

வாங்கும் நிலையில் இருப்பவர்களுக்கு என் தேர்வு இப்படி இருக்கும். தாத்தா பாட்டி அடிக்கடி வந்து தங்குவார்கள், வேலை ஆப்பிளிலோ சான்டா கிளாரா பக்கமோ இருக்கிறது, குழந்தை தமிழோடு வளர வேண்டும் என்பது முதன்மை என்றால் கூப்பர்டினோ. ஒருவருக்கு சான் ஃபிரான்சிஸ்கோவில் வேலை, குழந்தை சீக்கிரமே தன் காலில் ஊர் சுற்றிப் பழக வேண்டும், கிண்டர்கார்ட்டன் முதல் 12 வரை ஒரே நிர்வாகம் வேண்டும் என்றால் பாலோ ஆல்டோ. இரண்டும் கலந்து இருந்தால், தினமும் மாலை ஆறு மணிக்குள் வீட்டில் ஒருவராவது இருக்க எந்த ஊர் உதவுகிறதோ அதை எடுப்பேன்.

முகவரி விஷயத்தில் கவனம் வேண்டும். ஊரின் எல்லையும் பள்ளி மாவட்டத்தின் எல்லையும் ஒன்றல்ல. லின்புரூக் பள்ளியே சான் ஹோசே நகருக்குள்தான் இருக்கிறது. கூப்பர்டினோ பள்ளிகள் என்று விளம்பரம் வரும் பல வீடுகள் சான் ஹோசேயிலோ சன்னிவேலிலோ இருப்பவை. லாஸ் ஆல்டோஸ் ஹில்ஸின் ஒரு பகுதி பாலோ ஆல்டோ பள்ளி மாவட்டத்துக்குள் வருகிறது. இப்படிப்பட்ட ஓரப் பகுதிகளிலும் சில சமயம் நல்ல வீடு அமையும். விற்பனை முகவர் தரும் தாளை நம்பாமல், வீட்டு எண்ணையும் தெருவையும் மாவட்டத்தின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். அதோடு, அந்த முகவரிக்குரிய பள்ளியில் இந்த ஆண்டு இடம் இருக்கிறதா, இல்லாவிட்டால் எந்தப் பள்ளிக்கு அனுப்புவார்கள் என்பதையும் மாவட்ட அலுவலகத்தில் கேட்டுவிட்டு ஆஃபர் எழுதுங்கள்.